டிராலியா, பேக்பேக்கா, செக்-இன்னா? விமானத்தில் பையை எங்கே வைப்பது நல்லது

மூன்று நாலு நாள் வேலையாகச் சென்னையிலிருந்து டெல்லிக்கோ கோவையிலிருந்து மும்பைக்கோ விமானத்தில் போகிறவருக்குப் பை விஷயத்தில் நான்கு வழிகள் இருக்கின்றன. சின்ன டிராலி ஒன்றை உள்ளே எடுத்துப்போய் இருக்கைக்கு மேலே இருக்கும் பெட்டியில் ஏற்றலாம். ஒரு பேக்பேக் மட்டும் கொண்டுபோய் முன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம். துணிமணியெல்லாம் செக்-இன்னில் போட்டுவிட்டுக் கையில் சின்னப் பையோடு ஏறலாம். இல்லையென்றால் டிராலியோடு கேட் வரைக்கும் போய், ஊழியர்கள் கேட்கும்போது அங்கே கொடுத்துவிடலாம். பெரும்பாலானவர்கள் யோசிக்காமலே முதல் வழியை எடுக்கிறார்கள். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நாட்டுக்குள்ளேயே பறக்கும் பயணங்களுக்கு, நான்கில் மோசமானது அந்த முதல் வழிதான், உங்களுக்கும் சரி, உங்களைச் சுற்றி உட்காருகிறவர்களுக்கும் சரி. அதுவே சரியான வழியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் இடக் கணக்கு. நம் உள்நாட்டு விமானங்களில் அதிகம் பார்ப்பது ஏர்பஸ் ஏ320 வகை. நடுவே ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் மும்மூன்று இருக்கை, மொத்தம் 180 அல்லது 186 பேர். மேலே இருக்கும் பெட்டிகள் எல்லாருக்கும் பொது. டிக்கெட்டில் இருக்கைக்கு எண் உண்டு, பெட்டிக்கு எண் கிடையாது. ஏறுகிற எல்லாரும் ஆளுக்கொரு சக்கர டிராலியோடு வந்தால் பழைய வகைப் பெட்டிகளில் அத்தனையும் அடங்காது. விமானம் கட்டுகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் போயிங் 737-இல் பையைப் படுக்கவைத்தால் 4 மட்டுமே பிடிக்கும் பெட்டிக்குப் பதிலாக, பக்கவாட்டில் நிறுத்தி 6 பை வைக்கும் பெரிய பெட்டியை 2015-இல் கொண்டுவந்தார்கள். ஏர்பஸ்ஸும் தன் புது விமானங்களில் பெரிய பெட்டிகளைக் கொடுக்கிறது. ஆனால் நீங்கள் ஏறப்போகும் விமானத்தில் எந்தப் பெட்டி இருக்கும் என்பது டிக்கெட் எடுக்கும்போது தெரியாது.

ஒருவர் வைத்தால் இன்னொருவருக்கு இல்லை என்கிற இந்த நிலைமையிலிருந்துதான் பை சம்பந்தமான மரியாதைகள் எல்லாமே வருகின்றன. என் தலைக்கு மேலே இருப்பது எனக்கு எழுதிவைத்த இடம் என்று சண்டை போடுவது தப்பு. காலியாக இருக்கிறதே என்று 3-ஆம் வரிசைக்கு மேலே டிராலியை ஏற்றிவிட்டு 28-ஆம் வரிசைக்குக் கைவீசி நடப்பது அதைவிடப் பெரிய தப்பு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 3-ஆம் வரிசைக்காரர் பிறகு வந்து தன் பையை 12-ஆம் வரிசையில் கொண்டுபோய் வைக்கிறார். தரையிறங்கியதும் அவர் முன்னால் வரும் கூட்டத்துக்கு எதிராகப் பின்னால் நடந்து போய் அதை எடுக்க வேண்டும், இல்லையென்றால் விமானம் காலியாகும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கி முன்னும் பின்னும் படிக்கட்டு போட்டு ஏற்றும்போது, பின் வரிசைக்காரர்கள் முன் கதவு வழியாக ஏறுவதும் இதற்காகத்தான் பல நேரம் நடக்கிறது. கதவை மூடும் நேரம் தள்ளிப்போவதற்கு இந்த இழுபறி ஒரு பெரிய காரணம், எல்லார் நேரமும் போகிறது.

சரி, டிராலியையே எடுப்போம். இந்தியாவில் எகானமி வகுப்பில் கேபின் பைக்குப் பொதுவாக 7 கிலோ. அளவு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.க்குள், அதாவது 55, 35, 25 செ.மீ. கெட்டியான ஓடு போட்ட டிராலி சும்மாவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். மிச்சம் நாலு கிலோ. அதில் லேப்டாப், சார்ஜர், ஒரு ஜோடி ஷூ வைத்துவிட்டால் துணிக்கு இடம் எங்கே? இதனால்தான் பல டிராலிகள் 9, 10 கிலோவோடு உள்ளே வருகின்றன. எடை பார்க்கிற கவுண்டரில் மாட்டினால் பணம், மாட்டாவிட்டால் பிரச்சினை விமானத்துக்குள் வருகிறது, ஏனென்றால் அந்தப் பத்து கிலோவைத் தலைக்கு மேலே யாரோ தூக்க வேண்டும்.

அந்த யாரோ நீங்கள்தான். இதில் ஒளிவுமறைவே வேண்டாம்: தன்னால் தலைக்கு மேலே தூக்கி வைக்க முடியாத பையை உள்ளே கொண்டுவரக் கூடாது. கேபின் க்ரூவில் இருக்கும் பெண்கள் ஒரே நாளில் நாலு விமானம் ஏறி இறங்குகிறார்கள், ஒவ்வொன்றிலும் இருபது பேர் பையைத் தூக்கச் சொன்னால் முதுகு, தோள் என்னாவது? பல நிறுவனங்கள் பயணிகளின் பையைத் தூக்க வேண்டாம் என்றே அவர்களிடம் சொல்கின்றன. எங்கே இடம் இருக்கிறது என்று காட்டுவார்கள், பையைத் திருப்பி வைக்கச் சொல்வார்கள், வயதானவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் கை கொடுப்பார்கள். அதைத் தாண்டி எதிர்பார்ப்பது, அதுவும் அதட்டலாக எதிர்பார்ப்பது, பார்க்கவே கஷ்டமாக இருக்கும். நன்றாக இருக்கும் ஒரு ஆள் நடைபாதையில் டிராலியை நிறுத்திவிட்டு விரலைக் காட்டிவிட்டு உட்காருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பது வேறு. "தம்பி, இதைக் கொஞ்சம் மேலே வைக்க முடியுமா?" என்று ஒரு அம்மா கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் இளைஞனை நம் ஊரில் பார்ப்பது அபூர்வம். அதே போல, மேலே ஏற்கெனவே இருக்கும் பையை நகர்த்த வேண்டியிருந்தால், "இது யாரோடது? கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். கேட்காமல் இழுத்து, அதற்குள் இருந்த கண்ணாடிப் பொருள் உடைந்தால் பதில் சொல்ல முடியாது. கையிலோ மடியிலோ வைத்திருக்கக்கூடிய ஜாக்கெட், ஹேண்ட்பேக், சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் முதலிலேயே மேலே பரப்பிவைத்து டிராலிக்கு இடமில்லாமல் செய்வதும் சரியில்லை. அவையெல்லாம் கடைசியாகப் போகட்டும், இடுக்குகளில்.

இரண்டாவது வழி, பேக்பேக். நான் இதன் கட்சி. வெறும் பை ஒரு கிலோகூட இருக்காது, அதனால் அதே 7 கிலோவில் டிராலியைவிட இரண்டு கிலோ சாமான் அதிகம் போகும். துணியால் ஆனது என்பதால் அமுங்கும். கிட்டத்தட்ட 40 செ.மீ. உயரம், 30 அகலம், 20 கனம் இருந்தால் பெரும்பாலும் முன் இருக்கைக்கு அடியில் போய்விடும், மேல் பெட்டியை நீங்கள் தொடவே வேண்டாம். அதனால் போர்டிங்குக்கு முண்டியடிக்க வேண்டியதில்லை, இடம் இருக்குமா என்ற பதற்றம் இல்லை, தண்ணீர் பாட்டிலோ மாத்திரையோ எடுக்க நடுவில் எழுந்து பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டியதில்லை. இறங்கும்போது முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. கால் நீட்ட இடம் குறையும். மூன்று மணி நேரம் வரை அது பெரிய விஷயமில்லை, பத்து மணி நேரப் பயணத்தில் முழங்கால் சொல்லிவிடும். இஸ்திரி போட்ட சட்டையும் கோட்டும் கசங்கும். இன்னொன்று, முதல் வரிசையிலும் எமர்ஜென்சி எக்ஸிட் வரிசைகளிலும் புறப்படும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள். காலுக்கு இடம் கிடைக்கிறதே என்று கூடுதல் காசு கொடுத்து அந்த இருக்கையை எடுத்தால், பேக்பேக்கும் மேலேதான் போக வேண்டும். அடியில் வைக்கப் போகிறவர்கள் சாதாரண வரிசை ஒன்றையே எடுங்கள். அப்புறம், பேக்பேக்கை முதுகில் மாட்டிக்கொண்டே விமானத்துக்குள் நடக்காதீர்கள். திரும்பும்போதெல்லாம் அது ஐல் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் இடிக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. வாசலிலேயே கழற்றி முன்பக்கம் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, செக்-இன். உள்நாட்டு எகானமி டிக்கெட்டுகளில் வழக்கமாக 15 கிலோ செக்-இன் சேர்ந்தே வருகிறது. காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அப்படியிருந்தும் ஏன் மக்கள் பத்து கிலோ டிராலியை உள்ளே இழுக்கிறார்கள் என்றால் இரண்டு பயம்: பெல்ட்டில் காத்திருக்க வேண்டும், பை தொலைந்துவிடும் அல்லது உடைந்துவிடும்.

காத்திருப்புப் பயம் இப்போது முன்பு மாதிரி இல்லை. விமானப் பாதுகாப்புப் பணியகமான பிசிஏஎஸ், இறங்கியதிலிருந்து 30 நிமிடத்துக்குள் கடைசிப் பையும் பெல்ட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் இந்திய விமான நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. டெல்லி மாதிரி பெரிய நிலையத்தில் நடந்து பெல்ட்டுக்குப் போவதற்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும், எனவே உண்மையாக நிற்கும் நேரம் கால் மணி நேரம் என்று வையுங்கள். அந்தக் கால் மணி நேரத்தைக் காப்பாற்றவா செக்யூரிட்டி வரிசையில் இழுத்து, டிரேயில் தூக்கிப் போட்டு, படியேறி, தலைக்கு மேலே ஏற்றி இத்தனை பாடும்?

தொலைவதும் உடைவதும் நிஜமான பயம், அதற்குத் தயாராகப் போகலாம். விலை உயர்ந்தது, மருந்து, பத்திரம், நகை, லேப்டாப் எதுவும் செக்-இன்னில் போகக் கூடாது. வெளிநாட்டுப் பயணமென்றால் மான்ட்ரியல் உடன்படிக்கை உங்கள் பக்கம் இருக்கிறது: செக்-இன் பை தொலைந்தாலோ சேதமானாலோ தாமதமானாலோ, ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை நிறுவனம் பொறுப்பு. 2024 டிசம்பர் 28 முதல் இருக்கும் வரம்பு இது, சுமாராக 2,000 டாலர். சேதமென்றால் பை கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமென்றால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுண்டரில் சொல்லி, பைக்கு என்ன ஆனது என்று பதிவு செய்யும் பிஐஆர் என்ற அறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள். நிறையப் பேர் கவனிக்காத ஒரு விஷயம் இதில் உண்டு. கையோடு கொண்டுபோகும் பைக்கு ஏதாவது ஆனால், நிறுவனத்தின் தவறால் ஆனது என்றால்தான் அவர்கள் பொறுப்பு. செக்-இன் பை அவர்கள் கையில் இருக்கும்போது சேதமானால், பையின் சொந்தக் கோளாறால் ஆனது தவிர, பொறுப்பு அவர்களுடையதுதான். பக்கத்தில் இருப்பதால் பத்திரம் என்று நாம் நினைக்கும் பைக்குச் சட்டத்தில் பாதுகாப்பு குறைவு.

செக்-இன் இல்லாமல் விலை குறைத்த டிக்கெட்டுகளும் இருக்கின்றன, 2021-இல் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிஜிசிஏ அதற்கு அனுமதி கொடுத்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மாதிரி நிறுவனங்கள் அப்படிப்பட்ட டிக்கெட்டில் கேபின் எடையைக் கொஞ்சம் கூட்டியும் தருகின்றன. ஒரு நாள் இரண்டு நாள் போய்வர அது நல்ல தேர்வு. அந்த டிக்கெட்டை எடுத்தவர் டிராலியை மேலே வைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது, அவருக்கு வேறு வழி கிடையாது. 15 கிலோவைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு உள்ளே அடைக்கிறவர்களிடம்தான் எனக்குப் பேச்சு.

நான்காவது வழி, கேட்டில் கொடுப்பது. விமானம் நிறைந்திருந்தால் ஊழியர்கள் முன்வந்து கேட்பார்கள், பெரும்பாலும் இலவசம். நல்ல வழிதான், பிறருக்கு உபகாரமும்கூட. ஆனால் இதைத் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் கேட்பார்கள், இன்னொரு நாள் எடை போட்டுக் காசு கேட்பார்கள். இதில் ஆபத்தான இடம் ஒன்று உண்டு: பவர் பேங்க். அது செக்-இன்னில் போகவே கூடாது, உள்ளே மட்டும்தான். கேட்டில் அவசரமாக டிராலியைக் கொடுக்கும்போது அதற்குள் பவர் பேங்க் இருப்பது ஞாபகம் வராது. லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால் ஆள் இருக்கும் இடத்தில் அணைக்கலாம், அடியில் சரக்கு அறைக்குள் பிடித்தால் யார் போய் அணைப்பது? கொடுப்பதற்கு முன் பவர் பேங்க், மருந்து, வீட்டுச் சாவி, பாஸ்போர்ட் நாலையும் எடுத்துக்கொள்ளுங்கள். எளிதாக எடுக்க ஒரு மடிப்புத் துணிப்பையில் இவற்றைத் தனியாகவே போட்டு டிராலியின் மேலாக வைப்பது என் பழக்கம்.

மேலே வைத்தாலும் பவர் பேங்க் பிரச்சினைதான். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் நிறுவனத்தின் ஏ321 புறப்படுவதற்கு முன்பே எரிந்தது. தீ தொடங்கியது இருக்கைக்கு மேலே இருந்த பெட்டியில், பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. உள்ளே இருந்த எல்லாரும் தப்பினார்கள். அதற்குப் பிறகு கொரியா மேல் பெட்டியில் பவர் பேங்க் வைப்பதைத் தடை செய்தது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடுவதை நிறுத்தியது, எமிரேட்ஸும் அக்டோபரில் அதே வழிக்கு வந்தது. பேட்டரியின் சேமிப்புத் திறன் 100 வாட்-அவர் வரை இருந்தால் தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 74 வாட்-அவர், பயப்பட வேண்டாம். ஆனால் அது கைக்கு எட்டும் இடத்தில், உங்கள் கண் முன்னால் இருக்கட்டும். காலடியில் இருக்கும் பேக்பேக்குக்கு இதிலும் ஒரு மதிப்பெண் கூடுதல்.

சேலம், தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே வேறு மாதிரி. அங்கே பறப்பது ஏடிஆர் 72, இறக்கை மேலே இருக்கும் சின்ன விமானம். மேல் பெட்டிகள் தாழ்வானவை, குறுகலானவை. சாதாரண கேபின் டிராலி பல நேரம் ஏறாது, படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தே வாங்கிவிடுவார்கள். அங்கே நின்று "இது கேபின் சைஸ்தான்" என்று ஊழியரிடம் வாதாடி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏடிஆரில் போனால் பேக்பேக், இல்லையென்றால் செக்-இன்.

இப்போது அவசர வெளியேற்றம். இது மரியாதையைத் தாண்டி உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் இதைச் சொல்லாமல் எழுத எனக்கு மனமில்லை. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் போயிங் 777 ஓடுபாதையில் விழுந்து எரிந்தது. உள்ளே 300 பேர். புகை சூழ்ந்த விமானத்தில் சிலர் மேல் பெட்டியைத் திறந்து பையை இழுப்பதை அன்றைக்கு வந்த வீடியோவில் உலகமே பார்த்தது. 300 பேரும் தப்பினார்கள், தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரைக் கொடுத்தார். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 தீப்பிடித்தபோது அதில் இருந்தவர்கள் பையை விட்டுவிட்டு இறங்கினார்கள், 379 பேரும் பிழைத்தார்கள். பாதி வாசல்கள் மூடியிருந்தாலும் 90 விநாடியில் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமானத்துக்குச் சான்றிதழ். அந்தக் கணக்கில் பைக்கு ஒரு விநாடிகூட ஒதுக்கவில்லை. பாஸ்போர்ட்டும் போனும் சட்டைப் பையிலோ இடுப்பிலோ இருந்தால், எழுந்து ஓடும்போது மேலே பார்க்கத் தோன்றாது. எல்லாவற்றையும் டிராலியில் வைத்து மேலே ஏற்றியவருக்குத்தான் அந்தத் தடுமாற்றம் வரும்.

அமெரிக்காவுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்கு நான் சொல்வது: கேபின் டிராலியே வேண்டாம். 23 கிலோ பெட்டி இரண்டு கொடுக்கும் டிக்கெட்டில் அதற்குத் தேவையும் இல்லை. மாத்திரை, ஒரு மாற்றுடை, கண்ணாடி, ஸ்வெட்டர், காகிதங்கள் எல்லாம் ஒரு தோள்பையில், ஐல் சீட்டில். வீல்சேர் உதவி கேட்டிருந்தாலும் அந்த ஊழியர் விமானத்துக்குள் வந்து பையைத் தூக்கி வைப்பார் என்று நம்பி இருக்காதீர்கள். தோஹாவிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ மாறும்போது டிராலியை இழுத்துக்கொண்டு நடக்கும் சிரமமும் மிச்சம்.

கல்யாணத்துக்கு நகை, பட்டுப்புடவையோடு போகிறவர்கள் மாத்திரம் டிராலியை உள்ளே எடுத்துப்போங்கள், அதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. நகை தோள்பையில் உடம்போடு, புடவை டிராலியில். பச்சைக் குழந்தையோடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒருவருக்கு ஒரு கேபின் பை என்ற பிசிஏஎஸ் விதியில் குழந்தை உணவு, பெண்களின் கைப்பை, லேப்டாப், குடை, ஊன்றுகோல் போன்றவற்றுக்கு முன்பிருந்தே விலக்கு உண்டு. அவர்களுக்கு மேல் பெட்டியில் இடம் விட்டுக்கொடுக்கத்தான் நாமெல்லாம் நம் டிராலியை செக்-இன்னில் போட வேண்டும்.

தேங்காய் விஷயம் ஒன்று. கேபினில் முழுத் தேங்காய்க்கு அனுமதி கிடையாது. 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்களுக்காக இருமுடியில் தேங்காயைக் கையோடு கொண்டுபோக 2025 ஜனவரி 20 வரை விலக்கு கொடுத்தார்கள், அடுத்து மாலை போடுகிறவர்கள் அந்த சீசனுக்கான அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கொப்பரையோ எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் இருக்கிறது, அதை செக்-இன்னிலும் வைக்காதீர்கள். ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் கையோடு வேண்டாம், வெளிநாட்டுக்கு 100 மில்லிக்கு மேல் திரவத்தைப் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள்.

இறங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சீட் பெல்ட் விளக்கு அணைவதற்கு முன் பெட்டியைத் திறக்காதீர்கள். பறக்கும்போது உள்ளே பை நகர்ந்திருக்கும், திறந்ததும் கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும். ஒரு கையால் மூடியைப் பிடித்து மெல்லத் திறந்து, பையை எடுத்ததும் உங்கள் வரிசைக்குள்ளேயே ஒதுங்கி நின்றால் பின்னால் இருப்பவர் நகர முடியும்.

திரும்பி வரும்போது எல்லாருக்கும் பை கனக்கும், டெல்லியிலிருந்து வந்தாலும் சிங்கப்பூரிலிருந்து வந்தாலும். போகும்போது பேக்பேக் போதும் என்று முடிவு செய்தவர்களும் அங்கேதான் மாட்டுவார்கள். மடித்து வைக்கும் ஒரு பெரிய துணிப்பையை அடியில் போட்டுக்கொண்டு போங்கள், வாங்கியதையெல்லாம் அதில் போட்டு செக்-இன்னில் கொடுத்துவிடலாம். டிக்கெட்டில் உள்ள எடையைத் தாண்டும் என்று தெரிந்தால் கிளம்புவதற்கு முந்தைய நாளே இணையத்தில் கூடுதல் எடை வாங்கிவிடுங்கள், விமான நிலையக் கவுண்டரில் கேட்கும் விலையைவிட அது குறைவாக இருக்கும்.